சேஸ் கவுன்ட்டியின் கல் கட்டடங்கள்: இரண்டு நாளில் முழுசாகப் பார்த்து வருவதற்கான வழிகாட்டி

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் சேஸ் கவுன்ட்டி என்று ஒன்று இருக்கிறது, கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பரப்பளவு ஏறக்குறைய 780 சதுர மைல், ஆனால் 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள் தொகையே 2,572தான். பெரிய ஊர் என்று சொல்லப்படும் காட்டன்வுட் ஃபால்ஸிலேயே ஆயிரம் பேர் கிடையாது. பெரும்பாலானவர்கள் விச்சிட்டாவுக்கும் கன்சாஸ் சிட்டிக்கும் நடுவில் ஐ-35 நெடுஞ்சாலையில் பறந்துபோகும்போது, இருபுறமும் வெறும் புல்தானே என்று நினைத்துக்கொண்டு இதைக் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படி நாலைந்து தடவை கடந்து போனவன்தான். ஒரு நாள் பெட்ரோலுக்காக இறங்கியவன் காட்டன்வுட் ஃபால்ஸின் நீதிமன்றக் கட்டடத்தைத் தூரத்தில் பார்த்தேன், அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது போய் வருகிறேன்.

நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எதை முதலில் பார்ப்பது, எதை எப்படிப் பார்ப்பது, எங்கே நேரம் ஒதுக்குவது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டடங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். எல்லாமே ஒரே கல். மலையில் இருக்கும் கல்தான் வேலியானது, வேலிக்கான கல்தான் பள்ளிக்கூடமானது, அதே கல்தான் நீதிமன்றமும் பாலமும். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு போனால் ஊரின் கதை முழுக்கத் தானாக அவிழும்.

புறப்படும் முன் வீட்டில் செய்யவேண்டியது

முதலில் பருவம். ஏப்ரலில் போனால் மலைகள் கறுப்பாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் பண்ணைக்காரர்கள் புல்லைத் திட்டமிட்டு எரிக்கிறார்கள். எரிக்காவிட்டால் சில வருடங்களிலேயே மரமும் புதரும் ஏறிப் புல்வெளியை விழுங்கிவிடும். எரித்த இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கரியின் மேல் பச்சை துளிர்க்கும், அந்த நேரத்தில் வெள்ளைக் கல் கட்டடங்களைப் பார்ப்பது தனி அழகு. மே கடைசி, ஜூன் தொடக்கம் பூக்களுக்கு நல்லது, ஆனால் இடிமழையும் சூறாவளி எச்சரிக்கையும் வரும் காலம் அதுதான். ஜூலை, ஆகஸ்ட் வெயில் தாங்காது. என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். பெரிய புளூஸ்டெம் புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து செம்பு நிறமாகியிருக்கும்.

கிழமையும் முக்கியம். நீதிமன்றக் கட்டடம் இன்றும் வேலை நடக்கும் அரசு அலுவலகம், அதனால் உள்ளே போகவேண்டுமானால் வார நாளில் போகவேண்டும். சனி, ஞாயிறு மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்றால், வெள்ளி மதியத்துக்குள் போய்ச் சேர்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அன்றே கோர்ட்டை முடித்துவிடலாம்.

அடுத்தது கொஞ்சம் வாசிப்பு. அமெரிக்காவில் 1966இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது, தேசியப் பூங்காத் துறை அதை நடத்துகிறது. அதில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விண்ணப்பக் கோப்பு உண்டு. யார் கட்டினார்கள், எந்தக் கல், எந்தச் சுவர் பிற்பாடு இடித்துக் கட்டப்பட்டது, பழைய போட்டோ என்று எல்லாம் அதில் இருக்கும். கன்சாஸ் இடங்களுக்கான கோப்புகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். சுற்றுலாக் கையேடுகள் பத்து படிப்பதைவிட இந்தக் கோப்பு ஒன்றைப் படிப்பது மேல். இன்னொன்று, பழைய தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள். கட்டடம் கல்லா மரமா, கூரை எது, அடுப்பு எங்கே என்றுகூட வண்ணம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் சிறு ஊர்களுக்கும் நிறையக் கிடைக்கின்றன. போகும் முன் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மலைகளுக்கு நடுவில் சிக்னல் போய்விடும்.

கன்சாஸ் சிட்டியிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். விச்சிட்டாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கிழக்கே எம்போரியா என்ற ஊர் இருபது மைலுக்குள் இருக்கிறது, பெரிய கடை, தங்குமிடம் எல்லாம் அங்கே. டேங்க்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதலில் கல், அப்புறம்தான் கட்டடம்

எடுத்த எடுப்பில் ஊருக்குள் போகாதீர்கள். கே-177 சாலையில் கொஞ்ச தூரம் போனாலே, மலையை வெட்டிச் சாலை போட்ட இடங்கள் வரும். பாதுகாப்பான ஓரமாக வண்டியை நிறுத்தி அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் ஒரு பட்டை, களிமண் பாறை ஒரு பட்டை, மறுபடி சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காக இருக்கும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது, அதன் அடியில் படிந்ததுதான் இதெல்லாம்.

சில சுண்ணாம்புப் பட்டைகளுக்குள் சிக்கிமுக்கிக்கல் உருண்டை உருண்டையாகப் பதிந்திருக்கும். சுண்ணாம்புக்கல் மழையில் கரைய, சிக்கிமுக்கிக்கல் கரையாமல் மண்ணின் மேல் பரவிக்கிடக்கிறது. 1806இல் இந்த வழியாக வந்த செபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரி இதைப் பார்த்துவிட்டுத்தான் தன் குறிப்பில் இவற்றைச் சிக்கிமுக்கி மலைகள் என்று எழுதினார், ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற பெயர் அப்படி நின்றுவிட்டது. அந்தக் கல் கிடக்கும் மண்ணில் ஏர் ஓடாது. பக்கத்து மாவட்டங்களில் எல்லாம் புல்லைக் கொன்று கோதுமையும் சோளமும் போட்டபோது, இங்கே உழமுடியாமல் விட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் கனடா தொடங்கி டெக்சஸ் வரை பரவியிருந்த உயர்புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை, அதில் பெரும்பகுதி இந்த மலைகளில்தான் இருக்கிறது. உழமுடியாததால் மாடு, மாடு வளர்த்ததால் பணம், பணம் வந்ததால் கல் கட்டடம். மரமோ ஆற்றங்கரையில் மட்டும்தான் இருந்தது, கல் காலடியிலேயே கிடந்தது.

இங்கே கட்டடத்துக்கு அதிகம் வெட்டியெடுத்த பட்டைக்குக் காட்டன்வுட் சுண்ணாம்புக்கல் என்றே பெயர். அதை அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், கல் முழுக்கக் கோதுமை மணியைத் தூவின மாதிரி சின்னச் சின்ன நீள்வட்டங்கள் தெரியும். ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின் கூடுகள் அவை. விரலால் தடவினால் மணல்தாள் மாதிரி நெருடும். இதை ஒருமுறை கண்ணுக்குப் பழக்கிக்கொண்டீர்கள் என்றால், அடுத்த இரண்டு நாளும் போகிற இடமெல்லாம் இந்த மணிகளைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

நீதிமன்றக் கட்டடம்: அவசரப்படக்கூடாத இடம்

காட்டன்வுட் ஃபால்ஸின் பிராட்வே தெரு செங்கல் பாவியது. வடக்கு முனையில் ஆறு, தெற்கு முனையில் தெருவையே மறித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நீதிமன்றக் கட்டடம். வண்டியை வடக்கு முனையில் விட்டுவிட்டு நடந்து போங்கள். நடக்க நடக்கக் கட்டடம் உயர்ந்துகொண்டே வரும், அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

1871இல் தொடங்கி 1873இல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ஜான் ஜி. ஹாஸ்கெல், மாநிலத் தலைநகர் டொபீகாவில் உள்ள சட்டமன்றக் கட்டடமான கேபிடலிலும் பணிபுரிந்த அதே கட்டடக் கலைஞர். செலவு ஏறக்குறைய 42,600 டாலர். உயரம் 113 அடி. கவுன்ட்டி உருவாகி வெறும் பதினாலு வருடம் ஆகியிருந்தது, அதற்குள் இத்தனை பெரிய கட்டடம். கன்சாஸில் இன்றும் நீதிமன்றமாகப் பயன்பாட்டில் இருப்பவற்றில் இதுதான் மிகப் பழையது. மேலே சிவப்புக் கூரை, நாலு பக்கமும் செங்குத்தாக இறங்கி நிற்கும், இதற்கு மான்சார்ட் கூரை என்று பெயர். அன்றைய பிரெஞ்சு பாணி. அதன் மேல் கடிகாரம் வைத்த கூம்பு.

வெளியே நின்று பார்க்கவேண்டியவை மூன்று. மூலைக்கற்களைச் சுவரின் மற்றக் கற்களோடு ஒப்பிடுங்கள், உளி பட்ட விதமே வேறாக இருக்கும். ஜன்னல் மேல் வளைவுகளைப் பாருங்கள். அப்புறம் நிழலான பக்கத்தில் போய்க் கல்லைக் கிட்டத்தில் பார்த்து, கோதுமை மணிகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோர் கண்ணும் படிக்கட்டுக்குத்தான் போகும். ஆற்றங்கரையில் வளர்ந்த வால்நட் மரத்தில் செய்த சுழல் படிக்கட்டு, கீழிருந்து மேல் தளம் வரை ஒரே ஓட்டமாகச் சுற்றி ஏறுகிறது. கீழே நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், நத்தையின் ஓட்டுக்குள் நிற்பது போல இருக்கும். கைப்பிடியை மெதுவாகத் தடவிக்கொண்டே ஏறுங்கள். நூற்றைம்பது வருடமாக நிலம் பதிய வந்தவன், வரி கட்ட வந்தவன், கல்யாண லைசென்ஸ் வாங்க வந்தவள், விலங்கோடு கொண்டுவரப்பட்டவன் என்று எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆக்கிய மரம் அது.

மேலே நீதிமன்ற அறை இருக்கிறது. விசாரணை நடக்கிறதா என்று கீழே அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. பழைய சிறை அறையும் இதே கட்டடத்துக்குள்தான், 1973 வரை பயன்பாட்டில் இருந்தது. முடிந்தால் மேல்தளத்து முட்டை வடிவ ஜன்னல் வரை போய்வாருங்கள். அங்கிருந்து பிராட்வே நேர்கோடாக ஆறு வரை ஓடுவது தெரியும்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கட்டடம் முடிந்த அதே 1873இல்தான், வடக்கே கவுன்சில் குரோவைச் சுற்றி இருந்த கா பழங்குடி மக்களை அவர்களுடைய மிச்ச நிலத்திலிருந்தும் கிளப்பி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். கன்சாஸ் என்ற பெயரே அந்த மக்களின் பெயர்தான். இந்த மலைகளில் பைசன் வேட்டையாடியவர்கள் அவர்களும் ஓசேஜ் மக்களும். கல்லில் கட்டி வைத்தவர்களின் நினைவு நிற்கிறது, கல்லில் கட்டாதவர்களின் நினைவை நாம்தான் தேடிப் போகவேண்டும். நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே ரோனிகர் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தப் பகுதியில் கிடைத்த அம்புமுனைகளும் கல் கருவிகளும் அங்கே வைத்திருக்கிறார்கள். எல்லாம் அதே சிக்கிமுக்கிக்கல். திறந்திருந்தால் தவறவிடாதீர்கள்.

பிராட்வே, ஆறு, ரயில் ஊர்

தெருவின் மற்றக் கட்டடங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். 1884இல் கட்டிய கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டலைப் பாருங்கள். கடை முகப்புகளில் கீழ்த்தளத்தை நிறையப் பேர் மாற்றியிருப்பார்கள், அதனால் எப்போதும் மேல்தளத்தைப் பார்க்கப் பழகுங்கள், பழைய முகம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

வடக்கு முனையில் காட்டன்வுட் ஆறும் பழைய மில் அணையும். பக்கத்தில் 1914இல் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலம், இப்போது நடந்துபோக மட்டும். அணையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்காரலாம்.

ஆற்றைத் தாண்டி ஒன்றரை மைலில் ஸ்ட்ராங் சிட்டி. 1871இல் சாண்டா ஃபே ரயில் பாதை போட்டபோது நீதிமன்றம் இருக்கிற ஊருக்குள் வராமல் ஆற்றுக்கு வடக்கே போய்விட்டது. அதனால் அதிகாரம் ஒரு ஊரிலும் ரயில் ஒரு ஊரிலும் என்று ஆகிவிட்டது. ரயில் நிறுவனத்தின் தலைவராக இருந்த வில்லியம் பார்ஸ்டோ ஸ்ட்ராங்கின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு காலத்தில் கோவேறு கழுதை இழுக்கும் டிராம் ஓடியதாம், அந்தப் பாதையில்தான் இப்போது நாம் இரண்டு நிமிடத்தில் காரில் போய்விடுகிறோம். ரயில் நிலையக் கட்டடத்தையும் கல்லால் கட்டிய புனித அந்தோணியார் கத்தோலிக்கத் தேவாலயத்தையும் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு ரயில்கள் இன்றும் போகின்றன, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போட்டோ எடுக்க நிற்காதீர்கள்.

ஸ்பிரிங் ஹில் பண்ணை: அரை நாள் ஒதுக்குங்கள்

ஸ்ட்ராங் சிட்டியிலிருந்து கே-177இல் வடக்கே இரண்டு மைல். இதுதான் டால்கிராஸ் ப்ரேரி தேசியப் பாதுகாப்பு வளாகம், ஸ்பிரிங் ஹில் பண்ணை இதற்குள்தான் இருக்கிறது. 1996இல் அமைத்தது, ஏறக்குறைய 11,000 ஏக்கர். நிலத்தில் பெரும்பகுதி நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்புக்குச் சொந்தம், தேசியப் பூங்காத் துறை அதோடு சேர்ந்து நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வருகையாளர் மையத்தில் கட்டடங்களுக்கான வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கு எந்தக் கட்டடம் திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

ஸ்டீபன் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி 1878இல் இங்கே வந்தார், 1881இல் பண்ணை வீட்டைக் கட்டினார். பதினோரு அறை. வீட்டின் கூரையைப் பார்த்ததும் உங்களுக்கே பொறி தட்டும், நீதிமன்றத்தில் பார்த்த அதே மான்சார்ட் கூரை. மலைச்சரிவை வெட்டிக் கட்டியதால் முன்பக்கம் ஒரு உயரம், பின்பக்கம் ஒரு உயரம். ஊற்று இருக்கிற மலை என்பதால்தான் ஸ்பிரிங் ஹில். அந்த ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து முற்றத்தில் நீரூற்று வைத்திருந்தார்கள். மாடு விற்ற காசு எப்படி வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் எனக்கு வீட்டைவிடத் தொழுவம்தான் பிடிக்கும். 110 அடி நீளம், 60 அடி அகலம், மூன்று தளம், சுவர் முழுக்கக் கல். மேல் தளத்துக்குப் படிக்கட்டில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், பின்பக்கம் போனால் புரியும். மலைப்பக்கமாக மண்ணை உயர்த்திச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள், வைக்கோல் வண்டியைக் குதிரையோடு சேர்த்து நேரே மூன்றாம் தளத்துக்கு ஓட்டிவிடலாம். வைக்கோலை மேலே சேர்த்துவைத்துக் கீழே இருக்கும் மாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள், ஆள் சுமக்கவேண்டிய வேலையை மலையே செய்துகொடுத்திருக்கிறது. உள்ளே நின்றால் வெயில் நாளிலும் குளுகுளுவென்று இருக்கும். தூண்களையும் உத்தரங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், சுவரில் உளித் தடம் வரிவரியாகத் தெரியும்.

சின்னக் கட்டடங்களையும் விடாதீர்கள். கோழிக் கொட்டில் ஒன்று இருக்கிறது, கோழிக்குத்தான், ஆனால் கூரை கல்லால் வளைத்துக் கட்டி மேலே புல்மண் போட்டது. ஐஸ் சேமிக்கும் அறை, வண்டிக் கொட்டகை, மூன்று பேர் உட்காரும் கல் கழிப்பறை. பெரிய வீட்டுக்குக் காட்டிய அதே கவனத்தைக் கல்தச்சர்கள் இவற்றுக்கும் காட்டியிருக்கிறார்கள், வளைவில் ஒரு கல்கூடப் பிசகவில்லை. வரலாற்றில் பெயர் நிற்பது ஜோன்ஸுக்கு. வேலை தெரிந்த அந்தக் கைகளுக்குச் சொந்தமான புகழ்தான் இதெல்லாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

ஜோன்ஸ் பத்து வருடம்தான் இங்கே இருந்தார், 1888இல் பக்கத்துப் பண்ணைக்காரரும் ரயில் பாதை ஒப்பந்தக்காரருமான பார்னி லேன்ட்ரிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். கல்குவாரி வைத்து நடத்திய ஸ்ட்ராங் சிட்டிக்காரர் லேன்ட்ரி.

நேரமிருந்தால் மேய்ச்சல் நிலத்துக்குள் போகும் நடைபாதையில் ஏறுங்கள். 2009இல் 13 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை பெருகி இப்போது மந்தையாகிவிட்டன. பார்க்க மெத்தனமாகத்தான் நிற்கும், ஓடினால் குதிரை வேகம். நூறு கஜத்துக்கு மேல் தள்ளியே இருங்கள், கன்று கூட இருந்தால் இன்னும் தள்ளி. முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், புல்லில் உண்ணி இருக்கும்.

கல்வேலிகள்

இதற்குத் தனி நேரம் வேண்டாம், ஆனால் போகிற வழியெல்லாம் கண் இதில் இருக்கட்டும். 1867இல் கன்சாஸ் அரசு திறந்தவெளி மேய்ச்சலுக்கு முடிவுகட்டி, நாலரை அடி உயரத்துக்குக் கல்வேலி போட்டுப் பராமரிக்கும் நில உரிமையாளருக்கு ஒரு ராடுக்கு, அதாவது பதினாறரை அடிக்கு, 40 சென்ட் என்று பணம் கொடுத்தது. சாந்து இல்லாமல் அடுக்கினது. கீழே அகலம், மேலே போகப்போகக் குறுகல், உச்சியில் சில இடங்களில் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி வைத்திருப்பார்கள். பாரம்தான் சாந்து. பண்ணையின் ஓரமாக நல்ல நிலையில் இருக்கும் வேலிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். மேலே ஏறாதீர்கள், ஒரு கல் நகர்ந்தால் அடுத்த மழைக்குப் பத்தடி சரியும்.

மலை மேல் பள்ளிக்கூடம்: மாலையில்

பண்ணையிலிருந்து பார்த்தாலே வடக்கே ஒரு மேட்டின் மேல் தன்னந்தனியாக நிற்கும் சின்ன வெள்ளைக் கல் கட்டடம் தெரியும். லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளி. ஜோன்ஸ் நிலம் கொடுத்தார், 1882இல் கட்டினார்கள், 1884இல் முதல் வகுப்பு நடந்தது, 1930 வரை ஓடியது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. கூரை மேல் மணி. பண்ணையிலிருந்து பாதையில் நடந்தே போகலாம், ரொம்ப தூரமில்லை. காரிலும் கிட்டத்தில் போய் நிறுத்தலாம்.

சூரியன் இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். மேற்கு வெயில் பட்டால் அந்தக் கல் மாம்பழ நிறமாகிவிடும். சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு தெரியாது, காற்றில் புல் சாயும் சத்தம் மட்டும். குழந்தைகள் எங்கிருந்து வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள், ஜனவரிப் பனியில், அந்தக் காற்றில். பூட்டியிருந்தால் ஜன்னல் வழியாக மேசை வரிசைகளைப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: பாலமும் தெற்குப் பக்கமும்

காலையில் யு.எஸ். 50இல் மேற்கே போங்கள், பத்துப் பன்னிரண்டு மைலில் கிளெமென்ட்ஸ். ஊர் என்று சொல்ல இப்போது அதிகம் மிச்சமில்லை. அங்கிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பினால் காட்டன்வுட் ஆற்றின் மேல் இரண்டு வளைவுள்ள கல்பாலம், 1880களின் பிற்பகுதியில் கட்டியது. வண்டிகளுக்கு அனுமதியில்லை, நடந்து போகலாம். மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், தண்ணீர் குறைவாக இருந்தால் கரையோரம் இறங்கி வளைவின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பது அங்கிருந்துதான் தெரியும். மழைக்கு மறுநாள் இறங்கவேண்டாம், சேறு வழுக்கும், ஆறும் சட்டென்று ஏறும்.

பிறகு காட்டன்வுட் ஃபால்ஸுக்குத் திரும்பி கே-177இல் தெற்கே. இந்தச் சாலை வடக்கே கவுன்சில் குரோவிலிருந்து தெற்கே கசோடே வரை 47 மைல், தேசிய இயற்கைக் காட்சிச் சாலை. முதலில் பசார் என்ற சிற்றூர் வரும், டெக்சஸிலிருந்து ரயிலில் வந்த மாடுகள் புல் தின்று கொழுத்து மறுபடி ரயிலேறிய இடங்களில் ஒன்று. இதன் அருகேதான் 1931 மார்ச் 31 அன்று ஒரு பயணிகள் விமானம் விழுந்து எட்டுப் பேரும் இறந்தார்கள், நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி அதில் ஒருவர். மரத்தாலான இறக்கை உடைந்ததுதான் காரணம். நாடே கொதித்துப்போனது, மர இறக்கை விமானங்கள் மீதான நம்பிக்கை போனது, முழு உலோக விமானங்களின் காலம் சீக்கிரம் வந்தது. விழுந்த இடத்து நினைவுக்கல் தனியார் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது, முன் அனுமதியில்லாமல் போகக்கூடாது. ஐ-35 கட்டணச் சாலையின் மாட்ஃபீல்ட் கிரீன் சேவை நிலையத்தில் இதற்கென்று காட்சிப்பலகை இருக்கிறது, வீட்டுக்குத் திரும்பும்போது அங்கே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் தெற்கே மாட்ஃபீல்ட் கிரீன் ஊருக்கு முன்னால் பயனியர் பிளஃப்ஸ். சார்லஸ் ராக்லர் என்ற ஆஸ்திரியக் குடியேறி 1859இல் அயோவாவிலிருந்து நடந்தே வந்து நிலம் பிடித்த இடம். இங்கே மாற்றத்துக்கு மரக் கட்டடங்கள், வெள்ளைச் சாயம் பூசிய வீடும் தொழுவமும். ரயில் வந்தபின் வெளியிலிருந்து பலகை மலிவாக வந்துவிட்டது, கல் வெட்டுவதற்கான கூலி கட்டுப்படியாகவில்லை. முதல் நாள் கல் தொழுவத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் உறைக்கும்.

வண்டியும் வாயிற்கதவும்

பிரதான சாலைகளை விட்டு உள்ளே திரும்பினால் சரளைச் சாலை. அந்தச் சரளையில் சிக்கிமுக்கிக்கல் கலந்திருக்கும், உடைந்த இடம் கத்தி மாதிரி. பசார் பக்கம் ஒரு சாலையில் என் டயர் கிழிந்து, மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்ததால் இரண்டரை மணி நேரம் நின்றேன். ஏரை விரட்டிய கல் என் டயரை விடுமா. ஆகவே மாற்று டயரைச் சோதித்துக்கொள்ளுங்கள், முப்பது மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள், தண்ணீர் இரண்டு கேன் வையுங்கள். குறைந்த பராமரிப்புச் சாலை என்று பலகை இருந்தால் மழை பெய்த வாரத்தில் உள்ளே போகவே வேண்டாம். அன்றைக்கு அந்த வழியாக வந்த ஒரு பண்ணைக்காரர்தான் தன் வண்டியிலிருந்து காற்றடித்துக் கொடுத்தார், பேர்கூடச் சொல்லவில்லை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள், வணக்கம் சொல்லும் முறை அது, நீங்களும் உயர்த்துங்கள்.

இடிந்த கல்வீடுகள் நிறையக் கண்ணில் படும், இறங்கிப் போய்ப் பார்க்க ஆசையாக இருக்கும். 1900 வாக்கில் எட்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த கவுன்ட்டி இது, காலியான வீடுகள் இல்லாமல் இருக்குமா. ஆனால் எல்லாமே யாரோ ஒருவருடைய நிலம். சாலையிலிருந்தே பாருங்கள். அனுமதி வாங்கி உள்ளே போனால், திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள். இடிபாட்டிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

எடுத்த படங்களை அன்றைக்கே பெயரும் திசையும் போட்டுப் பிரித்து வையுங்கள், வடக்குச் சுவர், கிழக்கு வாசல் என்று. அப்புறம் தேசியப் பதிவேட்டுக் கோப்பை மறுபடி திறந்து, அதிலுள்ள பழைய படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகைபோக்கி ஒன்று காணாமல் போயிருக்கும், ஜன்னல் ஒன்று அடைபட்டிருக்கும், சரிந்த வேலியை யாரோ அதே கல்லை வைத்து மறுபடி அடுக்கியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது முதலில் எங்கே வண்டியை நிறுத்தவேண்டும் என்ற பட்டியல் அங்கிருந்தே தொடங்கிவிடும்.